கவரின் சன்னல்

நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு நடுவில் கேக்கை வைத்திருக்கிறார்கள். அதன்மேல் கிரீமில் எழுதிய ‘மேலாளர்’ என்ற சொல் பிற்பகல் வெயிலில் இளகத் தொடங்குகிறது. இன்று காலை மேலாளரானவள் கத்தியோடு நிற்கிறாள். இயக்குநர் அவள் காதருகே குனிகிறார். “கேக் முடிஞ்சதும் இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கம்மா. உங்க முதல் வேலை.” ஒட்டாத நீளக் கவர் ஒன்றைக் கேக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கைதட்டிக்கொண்டே பின்னால் நகர்கிறார். கவரின் கண்ணாடித்தாள் சன்னலில் ஓர் ஊழியர் எண் மட்டும் தெரிகிறது: 342. அவளுடையது 341. ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று வாங்கிய எண்கள் அவை. அன்று பின்னால் நின்றவள், பக்கத்து மேசைக்காரி, இப்போது வெட்டிய கேக்கில் பெரிய துண்டாக எடுத்து நீட்டுகிறாள். “வாயத் தொறடி, மேடம்!” எல்லோரும் சிரிக்கிறார்கள். “இனிமே நமக்கென்னடி பயம்? நம்மாளே மேல உக்காந்தாச்சு.” மேலாளருக்கு வாய் நிறையக் கேக், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வாசலில் காவலாளி வந்து நிற்கிறார். கையில், வேலையை விட்டு அனுப்பப்படுகிறவர்கள் மேசையைக் காலி செய்யக் கொடுக்கும் அட்டைப்பெட்டி. கேக்கையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். “இதுதான் உன் புரமோஷன் ஆர்டரா? குடு, நான்தான் படிப்பேன்!” பக்கத்து மேசைக்காரி கவரை எடுத்துவிடுகிறாள். மேலாளர் கை நீட்டுவதற்குள் அது எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. “ஐயே, இங்க பாருங்க, அவ நம்பருக்குப் பதிலா என் நம்பரப் போட்டு வச்சிருக்காங்க!” விழுந்து விழுந்து சிரித்தபடியே, கிரீம் ஒட்டிய விரல்களால் தாளை வெளியே இழுக்கிறாள்.