இரண்டு விரல் வீக்கம்

“வேணும்னா வாயை ஊதிக் காட்டட்டுமா, டாக்டர்?”

கேட்டுவிட்டுப் பரிசோதனைக் கட்டிலிலிருந்து துள்ளி எழப் பார்த்தார் மரச்சாமான் பாலிஷ்காரர். டாக்டரம்மா அவர் தோளைப் பிடித்து மறுபடி படுக்க வைத்தார்.

“அசையாதீங்க. மூச்சை நல்லா இழுங்க.” வலது விலா எலும்புக்குக் கீழே டாக்டரின் விரல்கள் மெதுவாக அழுத்தின. “ஈரல் இங்க இவ்வளவு கைக்குத் தட்டுப்படக் கூடாது. உங்களுக்கு ரெண்டு விரல் அளவு இறங்கி நிக்குது. ஸ்கேன்லயும் அதான் வந்திருக்கு. வீங்கியிருக்கு.”

“பார்த்தீங்களா டாக்டர்! நான் சொன்னேன்ல?” சுவரோரம் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்தே விட்டாள். “எந்த ஈரல் சும்மா வீங்கும்? தினம் சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழையறப்பவே குப்புன்னு அடிக்கும். கேட்டா, ஸ்பிரிட் வாடையாம்!”

“ஸ்பிரிட் வாடைதான்டி! பீரோவுக்குப் பாலிஷ் போடுறவன் மேல பன்னீரா மணக்கும்? அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சுத்தான் தேய்க்கணும். குடிக்கிறது பீரோ, பழி எனக்கா?”

அவர் கொதித்ததில் நியாயம் இருந்தது. மனிதர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. சம்பள நாளில் பட்டறை ஆட்கள் கூட்டமாகக் கிளம்பினால், இவர் மட்டும் நைசாக டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவார். அப்படிப்பட்டவருக்குத்தான் கண்ணில் மஞ்சள் ஏறியது. சாப்பாடு பிடிக்கவில்லை. ஒரு மேஜையை முழுசாகத் தேய்த்து முடிக்கத் தெம்பில்லாமல் பாதியில் உட்கார்ந்தார்.

அவ்வளவுதான், வீடே நீதிமன்றமாகிவிட்டது. மாமியார் தொலைபேசியில் புத்தி சொன்னார். மச்சினன் நேரிலேயே வந்து, “விட்டுடுங்க மாமா, தப்பு பண்ணாத மனுஷன் யாரு?” என்று தோளில் தட்டிக்கொடுத்து, பெரிய மனசோடு மன்னித்துவிட்டுப் போனான். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினாலாவது பொறுத்துக்கொள்ளலாம். மன்னிப்பு வாங்கினால் எப்படிப் பொறுப்பது? திருடனுக்குக்கூட சாட்சி வேண்டும் என்பார்கள். ஈரல் வீங்கியவனுக்கு மட்டும் நேரே தீர்ப்புதான்.

குடிதான் என்று டாக்டர் சொன்னால், மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி நேற்றே பெட்டி கட்டிவிட்டாள். காலையில் மகள் அவர் முகத்தைப் பார்க்காமலே பள்ளிக்கூடம் போனாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டினார்.

“உட்காருங்கம்மா. ஈரல் வீங்கினாலே குடின்னு யார் சொன்னது? வீக்கம்கிறது ஒரு அறிகுறிதான். உள்ள ஏதோ சரியில்லைன்னு உடம்பு நம்மளைக் கூப்பிடுது. கொழுப்பு சேர்ந்தா வீங்கும். கிருமி உள்ள போனா வீங்கும். இதயம் பலவீனமானாலும் ரத்தம் தேங்கி வீங்கும். காரணத்தைத் தேடணும். நாமளே ஒண்ணை முடிவு பண்ணிட்டு ஆளைத் திட்டக் கூடாது.”

“அப்போ இவருக்கு?”

“கிருமி இல்லை. இதயம் நல்லா இருக்கு. கொழுப்பும் இல்லை. குடிச்சுக் கெட்ட ஈரலா இருந்தா ரத்தத்துல கணக்கு வேற மாதிரி வரும். இவர் குடிக்கலைம்மா.”

பாலிஷ்காரர் கட்டிலிலிருந்து இறங்கினார். சட்டைப் பொத்தானைப் போடக்கூடத் தோன்றவில்லை.

“இப்பச் சொல்லு! உங்கம்மாவுக்குப் போனைப் போடு. உன் தம்பியைக் கூப்பிடு, அவன் குடுத்த மன்னிப்பைத் திருப்பித் தர்றேன். பெத்த பொண்ணு முன்னாடி என்னைக் குடிகாரன் ஆக்கினியே, அதை யார் வந்து துடைக்கிறது?”

மனைவி டாக்டர் பக்கம் திரும்பினாள். “நிஜமாவே குடிக்கலையா, டாக்டர்?” என்றாள் மெதுவாக.

“இல்லைம்மா.”

“ஸ்பிரிட் வாடை பட்டே வீங்கியிருக்குமோ?” என்று பாலிஷ்காரர் கேட்டார்.

“ஜன்னலைத் திறந்து வெச்சு வேலை பாருங்க, அது நல்லதுதான். ஆனா எனக்கு வேற சந்தேகம். இது ஏதோ மருந்து பண்ற வேலை மாதிரி இருக்கு. என்ன சாப்பிடுறீங்க? மாத்திரை, லேகியம், சூரணம், ஏதாவது?”

“ஒண்ணும் இல்லை டாக்டர். நான் தலைவலிக்கே மாத்திரை போடாதவன்.”

“மறைக்காதீங்க. இப்ப நிறுத்தினா ஈரல் தானா தேறிடும். இன்னும் கொஞ்ச நாள் போனா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

அவருக்கு முகம் சிவந்தது. ஒரு பொய்யன் பட்டம் இப்போதுதான் கழன்றது, அதற்குள் இன்னொன்றா?

“யார் தலையில வேணும்னாலும் அடிச்சு சத்தியம் பண்றேன்! நான் எதையும் வாயில போட்டதில்லை! ஏன் டாக்டர், நீங்களுமா என்னை நம்ப மாட்டேங்கறீங்க? ஏய், நீயாவது சொல்லேன், நம்ம வீட்டுல மருந்துன்னு ஏதாவது இருக்கா?”

மனைவி தரையைப் பார்த்தபடி நின்றாள். முந்தானை நுனி அவள் விரலில் இறுகிக்கொண்டே போனது. நிமிர்ந்தபோது அவள் அவரைப் பார்க்கவில்லை, டாக்டரைத்தான் பார்த்தாள்.

“டாக்டர், குடியை மறக்கடிக்கிறதுக்குன்னு இவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலக்குற பொடியும் மருந்துல சேருமா? எவ்வளவு போட்டும் வாடை போகலியேன்னு, போன மாசம் நான்தான் அதை ரெண்டு கரண்டியாக்கினேன்.”