குடும்ப விளையாட்டு

போர்டு கேம் வடிவமைப்பது அவன் வேலை. சொல்லிக்கொள்ள உறவு என்று யாருமில்லை. மாடி அறைக்கு வாடகைக்குக் குடிவந்த அன்றே, கீழே இருந்த வீட்டுக்கார அக்கா, "தனியா என்னத்த சாப்பிடப்போறே, கீழே வா தம்பி" என்று கூப்பிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பிள்ளையாகவே ஆகிப்போனான். யாரிடமும் சொல்லாததையெல்லாம் அக்காவும் மாமாவும் அவனிடம் கொட்டி அழுதார்கள். கேட்கக் கேட்க அவனுக்கும் மனசு ஆறியது.

அவனுடைய புது விளையாட்டு அச்சாகி வந்ததும் முதல் பெட்டியை அவர்களிடம்தான் நீட்டினான்.

அக்கா பூரிப்போடு பகடையை உருட்டினாள். ஒரு சீட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தாள்.

"ஓடிப்போன மகள் செத்துவிட்டதாக ஊரை நம்பவைத்தாயிற்று. மூன்று கட்டம் முன்னேறு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாச் சீட்டும் நம்ம வீட்டுக் கதைதான் அக்கா. பெட்டியெல்லாம் கடைகளுக்குப் போயாச்சு" என்றான் அவன் ஆசையாக.

அக்கா சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"நாளைக்கே ரூமைக் காலி பண்ணிடுங்க, சார்."