கவிழ்த்த பஞ்சாரம்

“என் சர்டிபிகேட்டைக் குடுங்க அத்தை” என்று கேட்டேவிட்டேன். அந்த வீட்டில் அதை மட்டும் கேட்டுவிடாதே என்று சொல்லித்தான் அம்மா என்னைக் கட்டிக்கொடுத்தாள். வேலைக்குப் போகக்கூடாது என்று கல்யாணத்தன்றே வாங்கிப் பூட்டிய எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம், இரண்டு வருடமாக மாமியாரின் பீரோவில் கிடக்கிறது. டவுன் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை இருக்கிறது. அதைக் காட்டினால்தான் கிடைக்கும்.

“பட்டம் வாங்குன கையால மொதல்ல இந்தக் கோழியப் பாரு. நேத்துலருந்து முட்டை எறங்காம முக்கிக்கிட்டுக் கெடக்கு.”

அடுத்த வீட்டில் போய் இட்டுவிடும் என்று மூன்று நாளாகக் கோழியின் மேல் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தவரே அவர்தான். கேட்டால், “தீனி இருக்கு, தண்ணி இருக்கு, வேறென்ன கொறச்சல்?” என்பார். என் அப்பாவிடமும் என்னைப் பற்றி இதையேதான் சொன்னார்.

கோழியை வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்து, விளக்கெண்ணெய் தொட்ட விரலால் தடவிக்கொடுத்தேன். என் மணிக்கட்டில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. அரைமணி கழித்து, ரத்தக் கீற்றோடு முட்டை விழுந்தது. அத்தை அதை மடியில் கட்டிக்கொண்டு, ஈரம் காயாத கோழியின் மேல் மறுபடியும் பஞ்சாரத்தைக் கவிழ்த்தார்.

“சர்டிபிகேட்டு?”

“ஒரு முட்டை எடுத்ததுக்குக் கூலியா கேக்குற?”

தொலைந்துவிட்டதாகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் பல்கலைக்கழகத்தில் நகல் தருவார்கள் என்று போன மாதமே விசாரித்து வைத்திருந்தேன். தொலைத்தது யார் என்று கேட்டால் அதையும் எழுதுவேன். எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பஞ்சாரத்தைக் காலால் புரட்டினேன்.

“ஏய், கோழி போகுதுடி, புடி!”

எனக்கு முன்னால் அது தெருவில் இறங்கியிருந்தது. அதைத் தாண்டி நடந்தேன்.