சேரலாமா, வேண்டாமா?

"மறைக்காம சொல்லுங்க தம்பி. இந்த யுனிவர்சிட்டியில என் பொண்ணைச் சேக்கலாமா?" என்று கேட்டார் ரகுராம்.

ஒயிட்ஃபீல்ட் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு மகள் நிருபமாவோடு வந்திருந்தார். அவர்களை வளாகத்துக்குள் அழைத்துப் போய்க்கொண்டிருந்தான் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவன் ஜெரோம்.

"நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு அங்கிள். முதல் செமஸ்டர்ல ஒருத்தரும் என்கிட்ட பேசல. தனியாதான் சாப்பிட்டேன். பாதியில நின்னுடலாம்னு காக்ஸ் டவுன் வீட்டுல உக்காந்து அழுதிருக்கேன்."

ரகுராமின் முகம் வாடியது.

"புரொபசருங்க எப்படி?" என்றாள் நிருபமா.

"சிலர் நோட்ஸ் கேட்டா, 'நாளே பா, நாளே பா'ன்னு நாளைக்கு வரச் சொல்லியே அலைய விடுவாங்க. ஆனா பாமா மேடம் கிளாஸ் ஒண்ணுக்காகவே இங்க சேரலாம். இப்போ எனக்கு ஃப்ரெண்ட்ஸும் நிறைய."

"நான் பக்கத்துலயே வீடு எடுத்து, தினமும் இவளை கிளாஸ் வரைக்கும் கொண்டுவந்து விட்டுடறேன்" என்றார் ரகுராம்.

"எங்கப்பாவும் முதல் செமஸ்டர் முழுக்க அப்படித்தான் கூடவே வந்தார், அங்கிள். அதனாலதான் யாரும் என் பக்கத்துல வரலையோ என்னவோ."

நிருபமா நின்றுவிட்டாள்.

"அப்பா, நீங்க கேன்டீன்ல உக்காருங்க. லைப்ரரிக்கு நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வர்றோம்."

"எப்படிம்மா..." என்று ஆரம்பித்தவர், மகளின் கையை விட்டார்.

பார்வையில்லாத அந்த இருவரின் வெள்ளைக் கைத்தடிகளும் நடைபாதையைத் தட்டிக்கொண்டே லைப்ரரிப் பக்கம் நகர்ந்தன. ரகுராம் கேன்டீனுக்குப் போய், தனக்கு மட்டும் ஒரு காபி சொன்னார்.