விரல் பட்ட இடம்

மகுடேசுவரன் இனிமேல் வரையப்போகும் ஓவியங்களை, அவருடைய பழைய படங்களைக் கற்ற கணிப்பு இயந்திரம் முன்கூட்டியே வரைந்து வைத்திருந்தது. கோவையின் அந்தக் கலைக்கூடத்தில் இப்போதெல்லாம் அப்படித்தான். வாங்குகிறவர்கள் ஓவியரின் எதிர்காலத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதிவு செய்கிறார்கள்.

"அடுத்த வருஷம் உங்க பாணியே மாறுதுங்க சார்," என்றாள் கூடத்தை நடத்தும் ஷெரின், பூரிப்போடு. "நெலம், வானம் எல்லாம் ஒரே சாம்பல். ஜப்பான் ஓவியத்தோட தாக்கம்னு இப்பவே எழுதறாங்க."

அவர் கண் சாம்பலில் நிற்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் ஒரு செம்மண் நிறப் பொட்டைத் தேடியது. எதிலும் இல்லை.

வெற்றுக் கான்வாஸைக் கண்டால் அவருக்குக் கை ஓடாது. கல்யாணமான புதிதிலிருந்தே மனைவி பூங்கோதைதான் விரலைச் சாயத்தில் தோய்த்து முதல் பொட்டை வைப்பாள். அதைச் சுற்றித்தான் அவருடைய வயலும் மலையும் வளரும். பாணி மாறும்போதெல்லாம் விமர்சகர்கள் யார் யாருடைய தாக்கத்தையோ கண்டுபிடித்தார்கள். அந்த விரலை ஒருவரும் கண்டதில்லை.

சமீபத்திய படங்களில் பொட்டு சிறுத்து, நடுங்கிக்கொண்டே வந்திருந்தது. அவர் கவனிக்கவில்லை. இயந்திரம் கவனித்திருந்தது.

வீடு திரும்பும் வழியில் கடையிலிருந்த கான்வாஸ்களையெல்லாம் வாங்கிப்போய், வீட்டுச் சுவரில் வரிசையாகச் சாய்த்தார்.

"ஏனுங்க, இத்தனையும் எப்ப வரையப் போறீங்க?" பூங்கோதையின் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"அது கெடக்குது," என்று சாயக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். "நீ எல்லாத்துலயும் பொட்டு வெச்சிரு, கண்ணு."