கோபக்கார சீஃப்

“சீஃப் கையெழுத்துப் போடாவிட்டால் ஒன்றும் நடக்காது, டங்கன். அவர் பெரிய கோபக்காரர். நேரம் பார்த்துத்தான் கேட்கவேண்டும்.”

நிரூபா தொலைபேசியில் ஆங்கிலத்தில்தான் குசுகுசுத்தாள். ஆனால் மகளின் குசுகுசுப்பு எந்த மொழியில் இருந்தாலும் பத்மநாதனுக்கு விளங்கும்.

அவள் குளிக்கப் போனதும் அவர் செய்யக்கூடாததைச் செய்தார். கைப்பையைத் திறந்து பார்த்தார். உள்ளே கம்பளித் துணித் துண்டு ஒன்று. கடும் சிவப்பு, அதில் பொன்னிறக் கோடுகள் ஓடிக் கட்டம் கட்டமாக இருந்தது. எங்கேயோ பார்த்த துணி மாதிரித் தெரிந்தது, ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை.

அடுத்த நாள் தொழிற்சாலையில் கூட வேலைசெய்யும் அல்பேட்டிடம் விசாரித்தார். ரொறன்ரோவில் யார் வீட்டில் என்ன கறி என்பதுவரை தெரிந்த ஆள் அவர்.

“அது ஸ்கொட்லாந்துக்காரரின்ர டார்ட்டன் அண்ணை. அவங்களுக்குக் குடும்பப் பேர் ஒவ்வொண்டுக்கும் ஒரு கட்டம். கலியாணம் காட்சியெண்டால் அதிலைதான் பாவாடை கட்டுவாங்கள். ஒரு பேரிலை புதுக் கட்டம் பதியிறதெண்டால், அந்தக் குடும்பத்துக்கு மூத்தவர், சீஃப் எண்டு சொல்லுறது, அவர் ஓமெண்டு கையெழுத்து வைக்கோணும்.”

“என்ர பிள்ளைக்கு ஏன் உந்தத் தேவையில்லாத வேலை?”

“நெருப்பில்லாமல் புகையுமே? பெட்டை பேரை மாத்தப் போறாள் அண்ணை.”

பத்மநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. நிரூபா அவருக்கு ஒரே பிள்ளை. ஊரில் அவருடைய பேர் அவளுடைய பேருக்கு முன்னால் ஓர் எழுத்தாக நின்றது. கனடாவுக்கு வந்த அன்று விமான நிலையத்தில் அதை முழுசாக நீட்டி, பின்னால் தள்ளி, குடும்பப் பேர் ஆக்கிவிட்டார்கள். முன்னாலோ பின்னாலோ, தன் பேர் மகளோடு கூடப் போகிறதே என்பதுதான் அவருக்கு ஆறுதல். அந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரனின் பேர் வந்து குந்தப் போகிறது என்று நினைக்க நெஞ்சு எரிந்தது.

சனிக்கிழமை “ஒரு அலுவல் இருக்கு” என்று நிரூபா காரை எடுத்தாள். பத்மநாதனை ஏற்றிக்கொண்டு அல்பேட்டின் பழைய வான் பின்னால் போனது. ரூஜ் ஆற்றைத் தாண்டி, நெடுஞ்சாலை ஏறி, விட்பி நகரில் ஒரு சின்னக் கடைக்கு முன்னால் அவள் இறங்கினாள்.

அல்பேட்டை வானிலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் பத்மநாதன் கடைக்குள் பாய்ந்தார். சுவரெல்லாம் கட்டத்துணி. நடுவில் ஒரு தறி. தறிக்குப் பக்கத்தில் செம்பட்டைத் தாடியோடு ஓர் இளைஞன், சொன்னது போலவே பாவாடை கட்டிக்கொண்டு நின்றான். அவன் பக்கத்தில் நிரூபா.

“உவனே டங்கன்?”

நிரூபாவின் முகம் வெளிறியது. “ஓம் அப்பா. இவர்தான் எனக்குத் துணி நெய்து தாறவர்.”

“ஆற்றை பேரிலை பதியப் போறாய்? உவன்ர பேரிலையோ?”

“இல்லை அப்பா. அவையின்ர பேரிலை முந்தியே கட்டம் இருக்கு. புதுசாப் பதியிறதெண்டால், பேரும் வேறை ஆரும் பதியாத பேரா இருக்கோணும், கட்டமும் வேறை ஒண்டைப் போலவும் இருக்கப்படாது. நெய்த துண்டும் சேர்த்து அனுப்போணும். அதுதான் சட்டம்.”

“கதையை மாத்தாதை! ஆர் அந்தக் கோபக்கார சீஃப்?”

அந்தப் பயத்திலும் நிரூபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நீங்கள்தான் அப்பா.”

மேசையில் கிடந்த விண்ணப்பத்தை அவள் திருப்பிக் காட்டினாள். கட்டத்தின் பேர்: பத்மநாதன்.

“இந்தக் குடும்பத்துக்கு ஆர் மூத்தவர் எண்டு ஸ்கொட்லாந்துப் பதிவுக் கந்தோரிலை இருந்து கேட்டினம். என்ர அப்பாவுக்கு முந்தி எங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் இந்தப் பேர் இல்லையெண்டு எழுதினன். அப்ப அவர்தான் உங்கட சீஃப், அவரின்ர சம்மதத்தை எடுத்து அனுப்புங்கோ எண்டிட்டினம்.”

பத்மநாதனின் கோபம் போன இடம் தெரியவில்லை. கட்டத்துணியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“பொறு, பொறு. உது கொம்மாவின்ர கூறைச்சேலைக் கட்டமெல்லே?”

“ஓம். அம்மாதான் அலுமாரியிலை இருந்து எடுத்துத் தந்தவ.”

மனிசியும் கூட்டா! ஆனாலும் அவருக்குக் கண் கலங்கியது. பிள்ளை பேரை மாற்றப் போகிறாள் என்று நினைத்தால், அவள் அந்தப் பேரை ஸ்கொட்லாந்து வரைக்கும் கொண்டுபோய்ப் பதியப் போகிறாள். அல்பேட்டின் வாயைக் கேட்டு இந்த வெள்ளைக்காரப் பிள்ளையையும் அநியாயமாகச் சந்தேகப்பட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

டங்கன் இரண்டு கையாலும் பேனையை நீட்டினான். அந்த மரியாதையும் அவருக்குப் பிடித்திருந்தது. விண்ணப்பத்தின் அடியில், வரிக்கு வெளியே போகுமளவுக்குப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

“சரி, சீஃப் வைச்சிட்டார் கையெழுத்து. இனி இந்தத் துணியிலை ஆர் பாவாடை கட்டப் போறது? நான் கட்டமாட்டன், சொல்லிப்போட்டன்!” என்று வாய்விட்டுச் சிரித்தார்.

நிரூபா சிரிக்கவில்லை. குனிந்து நிலத்தைப் பார்த்தாள். செம்பட்டைத் தாடிக்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழகிப் பழகி வைத்திருந்த தமிழில் சொன்னான்.

“நான்தான், மாமா.”