மறியலில் மாட்டிய கடல் தண்ணீர்

இடஒதுக்கீடு கேட்டு மறியல் செய்தவர்கள் தியாகதுருகம் சாலையில் வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தின் முன் வேனை நிறுத்தினார் டிரைவர் பிச்சைமுத்து.

"கேன்ல இன்னாய்யா?" என்றார் மறியல் தலைவர் இளஞ்செழியன்.

"கடலூர்லருந்து கடல் தண்ணிங்க. கள்ளக்குறிச்சியில ஒரு வூட்டுல வளக்குற கடல் மீனுக்குச் சீக்கு வந்து, அதத் தனித் தொட்டியில வச்சி மருந்து ஊத்துறாங்க. இன்னிக்குத் தண்ணி மாத்தலன்னா செத்துடுமாம்."

கூட்டம் சிரித்தது. "மனுசனுக்கே வழி கெடையாது. திருப்புய்யா."

"அந்தம்மா அழுவுதுங்க. வூட்டுக்காரர் மூணு நாளா வரலியாம்."

"யாரு அந்தம்மா?" என்றார் தலைவர்.

பிச்சைமுத்து விலாசம் எழுதிய சீட்டைப் பிரித்தார். "செந்தமிழ்ச்செல்வி. கணவர் பேரு இளஞ்செழியன்."

அடுத்த நிமிடம் தலைவர் தோளில் கேனோடு மரத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தார். "மறியல் நடக்கட்டும். தண்ணி மாத்திட்டு வந்துடுறேன்."

மறுநாள் அவர் வந்ததும் கூட்டமே எழுந்து நின்று கேட்டது: "மீனு சாப்ட்டுச்சாங்க?"